முடிவு தெரிந்த ஆட்டம்

"மூச்ச இழுங்க. அப்படியே பிடிச்சுக்குங்க. அசையக் கூடாது."

ஆஸ்பத்திரியில் நாளொன்றுக்கு அறுபது பேரிடம் சொல்லும் இந்த வாசகத்தை, மாலை ஆறரை மணிக்கு வீட்டில் நாற்காலியில் சாய்ந்தபடி அவர் தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்துச் சொல்கிறார். பெட்டிக்குள் ஒரு மீசைக்காரர் பச்சை மேசைமேல் குனிந்திருக்கிறார். கையில்லாத கறுப்புக் கோட்டு, கழுத்தில் பட்டாம்பூச்சி டை. கோல் போய் வெள்ளைப் பந்தைத் தட்டுகிறது. வெள்ளைப் பந்து போய் ஆறாம் நம்பரைத் தட்டுகிறது. ஆறாம் நம்பர், வீட்டுக்குத் திரும்பும் பசுவைப்போல அவசரமில்லாமல் மூலைக் குழிக்குள் இறங்குகிறது.

"ம். இப்ப விடலாம்" என்று மீசைக்காரருக்கு அனுமதி கொடுத்துவிட்டுத் தேநீரை எடுக்கிறார். அந்த ஆட்டம் நடந்து முப்பது வருஷம் ஆகிறது. மீசைக்காரர் அந்த மூச்சை அன்றைக்கே விட்டிருப்பார் என்று மனைவி பலமுறை சொல்லிப் பார்த்தாயிற்று. தன் அனுமதி இல்லாமல் விட்டிருந்தால் பந்து விழுந்திருக்காது என்பது அவர் கட்சி.

எக்ஸ்ரே பிரிவில் இருபத்து மூன்று வருஷ அனுபவம். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு 'இழுத்துப்பிடி' என்று பெயர். அது அவருக்குத் தெரியாது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தெரியும். பட்டம் வைக்கிற அளவுக்குத் தன்னைக் கவனித்திருக்கிறார்களே என்று உள்ளுக்குள் அவருக்கு ஒரு திருப்தி.

அவர் பார்க்கும் ஆட்டத்துக்கு நைன்பால் என்று பெயர். மேசையில் ஒன்று முதல் ஒன்பதுவரை எண் போட்ட பந்துகள் இருக்கும். இருப்பதிலேயே சின்ன எண்ணைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். ஒன்பதாம் நம்பரைக் குழியில் போட்டவருக்கு அந்தச் சுற்று. விஷயம் இவ்வளவுதான். இதை அவர் விளக்கத் தொடங்கினால் முக்கால் மணி நேரம் ஆகும். நடுவில் கேட்பவர் கொட்டாவி விட்டால் திரும்ப ஒன்றாம் நம்பரிலிருந்து ஆரம்பிப்பார்.

பழைய ஆட்டங்களை மட்டும்தான் பார்ப்பார். இப்போது நடக்கிற போட்டிகளை யாராவது போட்டுக் காட்டினால், வெந்நீரில் கை வைத்தவர்போல முகத்தைத் திருப்பிக்கொள்வார். "இதெல்லாம் யாரு ஜெயிப்பான்னு தெரியாம பார்க்கிற ஆட்டம். படபடன்னு இருக்கும். படபடப்புல எதைப் பார்க்க முடியும்? முடிவு தெரிஞ்சாத்தான் ஆட்டம் தெரியும்" என்பார். படம் நீர் பட்ட சுண்ணாம்புபோல மங்கலாக இருக்க வேண்டும். வர்ணனையாளர்கள் பக்கத்து அறையில் குழந்தை தூங்குவதுபோலக் கிசுகிசுக்க வேண்டும். பந்தும் பந்தும் மோதும் அந்த 'டொக்' என்ற சத்தத்துக்கும் அது குழியில் விழும் 'தொப்' என்ற சத்தத்துக்கும் நடுவில் இருக்கிற அரை விநாடியில்தான், அவர் சொற்படி, மனுஷனுக்கு நிம்மதி இருக்கிறது. நாள் முழுக்க அடுத்தவர்களின் உடைந்த எலும்புகளைப் பார்க்கிற மனிதர் சொல்வதால் இதைச் சட்டென்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை.

இந்தப் பைத்தியம் பிடித்த கதை சின்னது. பதினோரு வருஷத்துக்கு முன்பு ஆஸ்பத்திரி மாடிப்படியில் வழுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். ஆறு வாரம் கட்டிலில் இருந்தார். அப்போது பகல் வேளையில் ஏதோ ஒரு விளையாட்டுச் சேனலில் வேறு போடுவதற்கு எதுவும் இல்லாமல் இந்தப் பழைய ஆட்டங்களைப் போட்டார்கள். கால் குணமானது. பைத்தியம் குணமாகவில்லை. சேனல் நிறுத்திய பிறகு இணையத்தில் தேடித் தேடி நூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்கள் சேர்த்து வைத்திருக்கிறார். ஆட்டக்காரர்களின் உண்மையான பெயர்களை அவர் மதிப்பதில்லை. மீசைக்காரர், சிவப்புக் கோட்டு, வியர்வைத் துண்டு, இடதுகை என்று அவரே பெயர் வைத்திருக்கிறார். மீசைக்காரரும் சிவப்புக் கோட்டும் மோதிய ஒரு கடைசிச் சுற்றை மட்டும் அறுபத்து நாலு முறை பார்த்திருக்கிறார். அதில் மீசைக்காரர் ஒன்பதாம் நம்பரை மேசையின் எதிர் ஓரச் சுவரில் மோதவிட்டு, திருப்பி, தன் பக்கத்துக் குழியில் போடுவார். அந்த இடம் வரும்போது வீட்டில் மிக்சி ஓடக் கூடாது. கதவு திறக்கக் கூடாது. ஒரு தடவை மனைவியின் அக்கா அந்த நேரம் பார்த்து வந்துவிட்டாள். பந்து விழும்வரை, செருப்பு ஒரு காலிலும் கை கதவிலுமாக, அந்த அம்மாள் வாசலிலேயே நிறுத்தி வைக்கப்பட்டாள்.

மனைவி மின்வாரியத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பவள். எப்போது கரண்ட் வரும் என்று நாள் முழுக்க ஊரே அவளைத் திட்டும். அதனால் எந்தப் பேச்சும் அவள் தோலைத் தொடாது. கணவர் வெள்ளைப் பந்தின் கோணம் பற்றிப் பேசத் தொடங்கினால், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே, "உங்க புகார் பதிவாயிடுச்சு. ஆள் வருவாங்க" என்பாள். அவளும் பதினோரு வருஷமாக, அரைக் கண்ணாலாவது, இந்த ஆட்டங்களைப் பார்த்தவள்தான்.

இப்படி எல்லாம் இருந்தும், அந்த மனிதர் தன் வாழ்நாளில் கோலைத் தொட்டதில்லை. யாராவது கேட்டால், "பார்க்கிறது வேற, ஆடறது வேற" என்பார். பார்ப்பதுதான் ஒரு படி மேல் என்பது குரலில் தெரியும்.

சென்ற மழைக்காலத்தில் எலும்பு டாக்டர் ஓய்வு பெற்றார். புது வீட்டில் இடமில்லாததால் இந்த ஆட்டத்துக்கான தன்னுடைய பழைய மேசையை ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு அன்பளிப்பாகத் தள்ளிவிட்டுப் போனார். மூன்றாவது மாடியில் ஊழியர் ஓய்வறை. தண்ணீர் கேன், உடைந்த சக்கர நாற்காலிகள், பழுதான ஒரு குளிர்சாதனப் பெட்டி. எல்லாவற்றையும் சுவரோரம் ஒதுக்கி நடுவில் மேசையைப் போட்டார்கள். முதல் அடியை அடிக்கச் சொல்லி எல்லாரும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். பதினோரு வருஷப் பேச்சு சும்மா போகுமா?

அவர் வந்தார். மேசையைச் சுற்றி மூன்று முறை நடந்தார், குனிந்தார், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். எக்ஸ்ரே அறையிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையில் பாதி தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அதை மேசையின் நான்கு மூலையிலும் வைத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார்.

"கிழக்க ரெண்டு மில்லிமீட்டர் இறங்குது. இதுல நான் அடிச்சா அது ஆட்டத்துக்கே அவமானம்" என்று சொல்லி, கோலைப் பக்கத்தில் நின்ற ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் கையில் கொடுத்தார். ஓட்டுநர் அடித்தார். இரண்டு பந்துகள் விழுந்தன. இரண்டும் கிழக்குப் பக்கம்தான். "அதான் சொன்னேன்ல" என்றார் இவர்.

ஆனால் ஆசை யாரை விட்டது? அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஓய்வறையில் யாரும் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, கோலை எடுத்தார். மீசைக்காரரைப்போலவே குனிந்தார். மூச்சை இழுத்துப் பிடித்தார். கோல் வெள்ளைப் பந்தின் அடிவயிற்றில் பட்டு, பந்து துள்ளி, மேசையைத் தாண்டி, குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அவர் வயிறு தரையில் படப் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது ஓட்டுநர் உள்ளே வந்தார்.

"என்ன சார் தேடறீங்க?"

"ஸ்க்ரூ ஒண்ணு."

"வெள்ளை ஸ்க்ரூவா சார்? இதோ, இந்தப் பக்கமா எட்டிப் பார்க்குது."

ஓட்டுநர் பந்தைக் காலால் மெல்லத் தள்ளிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் இழுத்துப்பிடியாரை வதைத்தது. சொல்லியிருந்தால் மறுத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு அவர் பயிற்சியாளர் ஆனார். யாரும் நியமிக்கவில்லை, பதவி காலியாக இருந்தது, உட்கார்ந்துகொண்டார்.

பயிற்சி பெற அகப்பட்டவள் லேப்பில் ரத்தம் எடுக்கும் பெண். முன்பு ஒரு விடுதியில் வரவேற்பு வேலை பார்த்தவள். அங்கே ஆட்ட மேசை இருந்தது, விருந்தாளிகள் இல்லாத நேரம் நிறைய இருந்தது. அதனால் நாலு வருஷம் தன்போக்கில் ஆடியிருக்கிறாள். ஊசி போடுகிற அதே நிதானத்தோடு கோலைப் பிடிப்பாள். அலட்டல் கிடையாது. அடித்த பிறகு பந்து விழுகிறதா என்றுகூடப் பார்க்காமல் அடுத்த பந்துக்கு நடப்பாள். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய் மனைவியிடம், "ஒரு பொண்ணுகிட்ட பொறி இருக்கு. தட்டி எடுத்துட்டேன்னா எங்கேயோ போயிடுவா" என்றார். தட்டாமலே அவள் அடுத்தடுத்து நான்கு பேரை ஜெயித்திருந்தாள் என்பதை அவர் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து நிர்வாக அதிகாரி ஒரு போட்டியை அறிவித்தார். ஐந்து சுற்று முதலில் ஜெயிப்பவர் ஆட்டத்தை வென்றவர். கோப்பை கிடையாது. "ஃபர்ஸ்ட் வர்றவங்க அடுத்த மூணு மாசத்துக்கு எந்த ஷிஃப்ட் வேணுமோ அதை எடுத்துக்கலாம்" என்றார். பன்னிரண்டு பேர் சேர்வார்கள் என்று நினைத்த இடத்தில் நாற்பத்தோரு பேர் பெயர் கொடுத்தார்கள்.

லேப் பெண்ணுக்கு அப்போது மதியம் இரண்டு முதல் இரவு பத்துவரை வேலை. வீட்டில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை. "நான் கிளம்பறப்ப மதியத் தூக்கத்துல இருப்பா சார், திரும்பறப்பவும் தூங்கிட்டிருப்பா. சாயங்காலம் அம்மா எங்கன்னு கேட்டா செவுத்துல இருக்கிற போட்டோவக் காட்டறாளாம். செத்தவங்களக் காட்டற மாதிரி" என்றாள் அவரிடம். காலை ஷிஃப்ட் கிடைத்தால் மூன்று மாதம் மாலையெல்லாம் குழந்தையோடு இருக்கலாம். மேற்பார்வையாளரிடம் மூன்று முறை மனு கொடுத்து மூன்று முறையும் 'பார்க்கலாம்' என்ற பதில் வாங்கியிருந்தாள்.

"கவலைப்படாதம்மா. நான் இருக்கேன்" என்றார் அவர்.

இருந்தார். மூன்று வாரம், மதியம் ஒன்றரை மணிக்கு அவள் வேலையில் சேர்வதற்கு முன்னால், ஒரு நாள் விடாமல் இருந்தார். எக்ஸ்ரே வைக்கும் பழுப்பு உறைகளின் பின்பக்கத்தில் மேசையை வரைந்து, அம்புக்குறி போட்டு விளக்கினார். அந்த உறைகளில் இரண்டு தவறிப்போய் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டன. அம்புக்குறி போட்ட தன் நுரையீரலைப் பற்றி டாக்டரிடம் விளக்கம் கேட்டார் ஒரு பெரியவர். ஆட்டத்தின்போது பேசக் கூடாது என்பதால் சைகை மொழி ஒன்றையும் உண்டாக்கினார். ஒரு விரல் காட்டினால் மெதுவாக அடி. முஷ்டி காட்டினால் வெள்ளைப் பந்தை வேறொரு பந்துக்குப் பின்னால் ஒளித்து வை. உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினால் சுவரில் மோதித் திருப்பு.

"எனக்கு நேரா அடிக்கிறதுதான் சார் வரும்" என்றாள் அவள்.

"நேரா அடிக்கிறதை யாரு வேணா அடிப்பாங்க. முப்பது வருஷம் கழிச்சு அதை யாராவது போட்டுப் பார்ப்பாங்களா? நீயே சொல்லு."

"எனக்கு மூணு மாசம் போதும் சார்."

"மேசைகிட்ட போனப்புறம் நீ யோசிக்கவே கூடாது. யோசிக்கிறதுக்குத்தான் நான் இருக்கேன். என் கையப் பார்த்தியா, அடிச்சியா, அவ்வளவுதான்."

அவள் தலையாட்டினாள். ஜெயிக்க வேண்டும் என்ற நெருக்கடியில் இருப்பவர்கள், தெரிந்ததுபோல் பேசுகிற யாருக்கும் தலையாட்டுவார்கள். மருந்துக் கிடங்குக்காரரை ஐந்துக்கு ஒன்று என்று தோற்கடித்தாள். பல் டாக்டரை ஐந்துக்கு இரண்டு. இரண்டு நர்சுகளையும் ஒரு காவலாளியையும் வீட்டுக்கு அனுப்பினாள். ஒவ்வொரு முறையும் வாழ்த்துகளைப் பெற்றுக்கொள்ள அவர் கதவருகே நின்றார். "நம்ம கையில ஒண்ணும் இல்ல. அவதான் புடிச்சிக்கிட்டா" என்று, எல்லாம் தன் கையில்தான் இருக்கிறது என்பது விளங்கும்படி சொன்னார்.

கடைசி ஆட்டம் ஒரு சனிக்கிழமை மதியம். எதிரில் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். ரோட்டில் பறக்கிற அந்த மனிதர் மேசையில் எருமைபோல மெதுவானவர். அழகாக ஒரு பந்துகூட அடிக்க மாட்டார். ஆனால் விழ வேண்டிய பந்து விழும்.

ஆட்டத்தைப் படமெடுக்கவும் இழுத்துப்பிடியார் ஏற்பாடு செய்திருந்தார். சலைன் பாட்டில் தொங்கவிடும் கம்பியில் தன் செல்போனைக் கட்டுத்துணியால் கட்டி, சுவரோரம் உயரத்தில் நிறுத்தியிருந்தார். நூற்றுப் பதின்மூன்றாவது ஆட்டமாக இது சேரப் போகிறது என்று மனைவியிடம் முன்கூட்டியே சொல்லியாயிற்று. அன்றைக்குப் பட்டாம்பூச்சி டை கட்டவில்லை. ஆனால் கையில்லாத கறுப்புக் கோட்டு ஒன்றை எங்கிருந்தோ வாங்கிப் போட்டிருந்தார். லேப் பெண்ணுக்கு எதிரே, தண்ணீர் கேன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். ஓய்வறையில் எழுபது பேர். சக்கர நாற்காலிகளில்கூட ஆட்கள்.

மூன்றுக்கு மூன்று. நாலுக்கு மூன்று. நாலுக்கு நாலு.

கடைசிச் சுற்றில் ஓட்டுநர் ஐந்தாம் நம்பரைத் தவறவிட்டார். லேப் பெண் எழுந்து வந்தாள். ஐந்து விழுந்தது. ஆறு விழுந்தது. ஏழுக்கு இழுத்துப்பிடியார் ஒரு விரல் காட்டினார். அவள் எப்படியும் மெதுவாகத்தான் அடிக்கப் போகிறாள் என்று தெரிந்திருந்தும் காட்டினார். ஏழும் எட்டும் விழுந்தன. மேசையில் மிச்சம் ஒன்பதாம் நம்பர் மட்டும். மேசை நடுவில் அது நின்றது; வெள்ளைப் பந்து அதற்கு ஒரு முழம் பின்னால் நின்றது; இரண்டுக்கும் நேரே, நூல் பிடித்ததுபோல, மூலைக் குழி. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் விழும் என்று சொல்கிற மாதிரியான பந்து. யாரோ ஒரு நர்ஸ் கைதட்டவே ஆரம்பித்துவிட்டாள்.

லேப் பெண் குனிந்தாள். குனிந்தபடியே, மூன்று வாரப் பழக்கத்தில், கண்ணை உயர்த்தி அவரைப் பார்த்தாள்.

அந்த ஒரு கணத்தில் இழுத்துப்பிடியாரின் மனதில் ஓடியதைச் சொல்ல வேண்டும். நேராக அடித்தால் அவள் ஜெயிப்பாள். ஜெயித்தது அவளாகவே இருக்கும். எழுபது பேரும் அவளைச் சுற்றி நிற்பார்கள். சுவரில் மோதித் திரும்பி விழுந்தால் அது அவர் சொல்லிக் கொடுத்தது, மீசைக்காரருடையது, அறுபத்து நாலு முறை பார்த்தவருடையது. அந்தப் பந்து திரும்பி வருகிற அரை விநாடியை அவர் கண்ணால், நேரில், மங்கல் இல்லாமல் பார்க்கலாம். முப்பது வருஷம் கழித்து யாராவது போட்டுப் பார்ப்பார்கள்.

உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார்.

அவள் நிமிர்ந்தாள். குழியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் இன்னொரு முறை, தோசையைக் கல்லில் திருப்புவதுபோலத் தெளிவாகத் திருப்பிக் காட்டினார். அவள் இரண்டடி நகர்ந்து நின்று, மறுபடி குனிந்து, அடித்தாள். ஒன்பதாம் நம்பர் எதிர்ச் சுவரில் மோதியது. திரும்பியது. எழுபது பேரும் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். பந்து ஆடி அசைந்து வந்து, குழியின் உதட்டில் இடித்து, ஒரு தள்ளாட்டம் தள்ளாடி, வாசலிலேயே நின்றுவிட்டது.

ஓட்டுநர் மெதுவாக நடந்து வந்தார். உடனே அடிக்கவில்லை. லேப் பெண்ணைப் பார்த்து, "என்னம்மா, ஏன்?" என்று கேட்டார். அவள் விலகி வழிவிட்டாள். அவர் ஒரு தட்டுத் தட்டினார். விழுந்தது.

ஆரவாரம் அடங்கி எல்லாரும் இறங்கிப் போனார்கள். லேப் பெண் கோலை மூலையில் சாய்த்து வைத்துவிட்டு, கைகழுவி, கையுறை மாட்டிக்கொண்டு தன் ஷிஃப்டுக்குப் போனாள். இழுத்துப்பிடியாருக்குச் செல்போனைக் கம்பியிலிருந்து அவிழ்க்கவே வெகுநேரம் ஆனது. கட்டுத்துணியின் முடிச்சு இறுகியிருந்தது.

இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எக்ஸ்ரே அறையில் ஒருவரை மூச்சு பிடிக்கச் சொல்லிவிட்டு, விடச் சொல்ல மறந்து, அந்த ஆள் முகம் சிவந்து தானாக விட்டுக்கொண்டார். மூன்றாம் நாள், ஊழியர்களுக்கான வருடாந்திரப் பரிசோதனையைச் சாக்காக வைத்துக்கொண்டு, ரத்தம் கொடுக்க லேப்புக்குப் போனார். வேறு ஆள் இருக்கும் காலை நேரத்தில் போயிருக்கலாம். இரண்டு மணிக்கு மேல்தான் போனார். அந்த அளவுக்கு அவர் மனிதர்தான்.

"உக்காருங்க சார். கைய நீட்டுங்க" என்றாள் அவள். முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை இறுக்கினாள்.

"பந்து உதட்டுல நின்னுச்சு பாரு, நூலிழைதான். கிழக்க அந்த ரெண்டு மில்லிமீட்டர் சரிவு மட்டும் இல்லன்னா..."

"முஷ்டிய மூடுங்க சார்."

"பெரிய பெரிய ஆட்டக்காரங்களே அந்த இடத்துல விட்டிருக்காங்க. வியர்வைத் துண்டு ஒரு தடவை..."

ஊசி இறங்கியது. ஒரே குத்தில் ரத்தம் வந்தது, வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்க கையக் காட்டினீங்க. நான் பார்த்தேன்" என்றாள் அவள், குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே. "பார்த்திருக்கக் கூடாது. அது என் தப்பு சார்." பஞ்சை வைத்து அழுத்தினாள். "அஞ்சு நிமிஷம் கைய மடக்கி வச்சிருங்க. அடுத்தவங்கள வரச் சொல்லுங்க."

கையை மடக்கியபடியே அவர் படியிறங்கினார். முதல் மாடி வருவதற்குள் அவள் சொன்னதில் முன்பாதி மறந்து பின்பாதி மட்டும் நின்றது. தரைத்தளம் வருவதற்குள் நடை நேராகிவிட்டது. அன்று மாலை சட்டையைக்கூட மாற்றாமல் மனைவியிடம் சொன்னார்.

"அந்தப் பொண்ணே ஒத்துக்கிட்டா. தப்பு தன்னோடதுதான்னு. நான் ஒரு வார்த்தை கேக்கல. தானா சொன்னா."

"சொன்னாளா?" என்றாள் மனைவி.

"நேர்மையான பொண்ணு. தோல்விய ஏத்துக்கத் தெரிஞ்சிருக்கு. அதுவே பாதிப் பயிற்சி. அதையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

பசி திரும்பியது. இரண்டு நாள் பாக்கியையும் சேர்த்துச் சாப்பிட்டார். செல்போனிலிருந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் போட்டார். முடிவு தெரிந்த ஆட்டம் ஆகிவிட்டதால் இப்போது படபடப்பு இல்லை. நிம்மதியாகப் பார்க்க முடிந்தது. அந்தக் கடைசிப் பந்தைத் திரும்பத் திரும்பப் போட்டார். "பாரு, பாரு, எப்படி வருது பாரு. கோணம் எல்லாம் அச்சு அசல். கொஞ்சம் வேகம் குறைச்சிருந்தா விழுந்திருக்கும். கை நடுங்கிடுச்சு அவளுக்கு. அனுபவம் பத்தல."

இப்படி ஒரு வாரம் ஓடியது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்டினார். மனைவியின் அக்காவுக்குக் காட்டினார். இம்முறை அந்த அம்மாளை உட்காரவைத்தே காட்டினார். எல்லாரும் "அடடா" என்றார்கள். எந்தச் சத்தத்துக்கு அடடா என்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, பந்து நின்ற இடத்தில் சொல்லிவைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி வாரத்துக்கான துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஆட்டத்தைப் போட்டு, அந்தப் பெண் முதல் முறை குனிகிற இடத்தில் நிறுத்தினார். "இங்கதான். இந்த இடத்துலதான் அவ மனசு மாறுது. ஏன்னு தெரியல. நேரா அடிக்கக் குனிஞ்சவ எதுக்கு எழுந்தா?" என்று, உண்மையிலேயே ஆராய்கிறவர்போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். கேட்கக் கேட்க அவரே நம்பத் தொடங்கியிருந்தார்.

இஸ்திரிப் பெட்டி நின்றது. மனைவி நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக முழுக் கண்ணாலும் பார்த்தாள்.

"ஏங்க, கொஞ்சம் ஓட விடுங்க."

ஓடவிட்டார்.

"நிறுத்துங்க. அந்த மேல் மூலையில, தண்ணி கேன் பக்கத்துல, கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டுக் கையத் திருப்புறது யாரு?"

அவர் பார்த்தார். படம் நன்றாகத்தான் வந்திருந்தது. மங்கல் கொஞ்சமும் இல்லை. மூலையில் ஓர் ஆள் நின்றிருந்தார். கை முகத்துக்கு நேரே உயர்ந்து, உள்ளங்கை பாதி திரும்பியிருந்தது. அந்தப் பெண்ணின் கண்கள் பந்தைப் பார்க்கவில்லை, குழியைப் பார்க்கவில்லை, அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தன. இத்தனை நாளும் பந்தைப் பார்த்தவருக்கு மூலை தென்படவே இல்லை.

"அது... மறைக்குது ஆளு. சரியாத் தெரியல."

"எனக்குத் தெரியுது" என்றாள் மனைவி. மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரையில் கை அப்படியே உயர்ந்து நின்றது. அவர் செல்போனை எடுத்து லேப் பெண்ணின் எண்ணைத் தேடினார். எண் வந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

பிறகு எழுந்தார். அலமாரியிலிருந்து முதலுதவிப் பெட்டியை எடுத்து, இரண்டு விரல் அகலத்துக்குப் பிளாஸ்திரி கத்தரித்தார். தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் மூலையில், அந்த ஆள் நிற்கிற இடம் முழுவதும் மறையும்படி ஒட்டினார். ஓரம் எங்கேயும் தூக்கிக்கொண்டு நிற்காதபடி கட்டைவிரலால் நான்கு பக்கமும் நீவிவிட்டார். நாற்காலியில் வந்து சாய்ந்துகொண்டு, ஆட்டத்தை முதலிலிருந்து போட்டார்.